தனி ஆளுக்கு எவ்வளவு ஆகும்

பழைய வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் பெயின்டைத்தான் கணக்குப் போடுவார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். புக்கிட் பெருவாங்கில் மாடியில்லாத ஒரு வரிசை வீடு, மூன்று அறை. சுவரெல்லாம் அழுக்கு, கக்கூஸ் உடைசல், பாதி விளக்கு எரியவில்லை. இதற்கு மேல் என்ன செலவு வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

எனக்குச் சொல்ல ஆளும் இல்லை. நான் லூபோக் சீனா பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அங்கே கூரை ஒழுகினால் கங்காணி மண்டோரிடம் சொல்வோம், அவர் ஆபீசில் சொல்வார், ஆள் வருகிறவரைக்கும் சட்டி வைத்துத் தண்ணீர் பிடிப்போம். வீடு கம்பெனியுடையது. எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு சுவருக்குக்கூட விலை கேட்டதில்லை. தோட்டத்தை விட்டு வந்த பிறகு ஆயர் குரோவில் பேக்டரி வேலை, வாடகை அறை. ஐம்பது வயது தாண்டித்தான் சொந்த வீடு என்ற நினைப்பே வந்தது. சேமநிதிப் பணமும் ஒரு சின்னக் கடனும் சேர்த்து வீட்டை வாங்கினால் கையில் முப்பதாயிரம் வெள்ளி மிஞ்சும். ரிப்பேர் அதற்குள் அடங்கினால் வீடு எனக்கு. அடங்காவிட்டால் வாடகை அறையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

ரிப்பேருக்கு விலை போட கான்ட்ராக்டர் வருகிற நாளில் கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது என்று சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"எனக்கு எங்கம்மா நேரம்? உனக்கு எதுக்கு இப்ப வீடு? இங்க பின்னால ஒரு ரூம் சும்மாதான கெடக்கு."

அந்த அறையில் வாஷிங் மெஷினும் அரிசி மூட்டைகளும் இருக்கின்றன. போனை வைத்துவிட்டேன். தனியாகத்தான் போனேன். கான்ட்ராக்டர் நம் ஆள், என்னைவிடச் சின்னவர். வந்ததும் நிலைக்கட்டைகளைத் தட்டினார், பைப்பைத் திறந்து பார்த்தார், டேப்பை இழுத்துச் சுவரை அளந்தார். வேலை தெரிந்தவர் மாதிரிதான் இருந்தது.

"வீட்டுக்காரரு வரலியாக்கா?"

"அவரு ஜொகூர்ல இருக்காரு. சாவிய ஏஜென்ட்கிட்ட குடுத்து வச்சிருக்காரு."

"சொந்தச் சாவிய எதுக்கு ஏஜென்ட்கிட்ட குடுக்கிறாரு?"

"விக்கிறாரு லா. வேற யார்கிட்ட குடுப்பாரு?"

அவர் முழித்தார். "நீங்க வாங்குறீங்க, அவரு விக்கிறாரா?"

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. "ஐயோ, புருஷனக் கேட்டீங்களா? அப்படி யாரும் இல்ல தம்பி. நான் மட்டுந்தான்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். பின்னறைக்குள் போகவே இல்லை, வாசலில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. ஏணி லாரியிலேயே இருந்தது.

மறுநாள் வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் வந்தது. பதினெட்டாயிரம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏஜென்டைக் கூப்பிட்டு முன்பணம் கட்டுகிறேன் என்று சொல்லப் போனேன். அதற்கு முன் இன்னொரு தடவை படித்தேன். ஒரு அறைக்குத்தான் வயரிங். பின்னறை இல்லை, நடு அறை இல்லை, கூரையைப் பற்றி ஒரு வரி இல்லை. உடனே அவரைக் கூப்பிட்டேன்.

"என்னாங்க, பாதி வீட்டக் காணோம்?"

"தனி ஆளு தானேக்கா. மூணு ரூம வச்சி என்னா பண்ணப் போறீங்க? சாத்தி வச்சிருங்க. பாவம், உங்களுக்குச் செலவு வேணாமேன்னுதான்."

"நான் சாத்தி வச்சா கரையானும் தனி ஆளுன்னு பாவம் பாக்குமா? வீட்டு விலையில பாதிய யாரும் கழிச்சாங்களா? முழு வீட்டுக்கும் வெல போட்டுக் குடுங்க. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்."

அதிகமாகப் பேசிவிட்டேன் என்று நான் வருத்தப்படவில்லை. ஏமாற்றிக் காசு பிடுங்க வந்தவனாக இருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். பரிதாபப்பட்டுக் குறைத்துச் சொல்கிற கணக்கை நம்பினால் கடைசியில் தெருவில்தான் நிற்க வேண்டும்.

திரும்ப வந்தார். இந்தத் தடவை ஏணியும் வந்தது. பின்னறை சீலிங் பலகையைக் கழற்றினார். மேலே இரண்டு கட்டையைக் கரையான் தின்று தீர்த்திருந்தது, கையால் அழுத்தினாலே மாவாகக் கொட்டியது. வயரெல்லாம் வீடு கட்டின காலத்தியது. இறங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நாப்பத்தஞ்சு ஆவும்க்கா. வாங்க மாட்டேன்னு ஏஜென்ட்கிட்ட சொல்லிருங்க."

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. கரையான் தின்ற கட்டையைப் படம் பிடித்து ஏஜென்டுக்கு அனுப்பினேன். இழுபறிக்குப் பிறகு வீட்டுக்காரர் விலையில் பத்தாயிரம் குறைத்தார். இன்னும் ஐந்தாயிரம் இடித்தது. எதையாவது வெட்ட வேண்டும்.

"பின் ரூம வெட்டிருவோம்" என்றார் கான்ட்ராக்டர்.

"கிச்சன் அலமாரிய வெட்டுங்க."

"சமைக்கிற எடத்த விட்டுட்டு அந்த ரூமுக்கு லைட்டும் ஃபேனுமா? யாருக்கா வரப் போறாங்க?"

"யாரும் வரல. போடுங்க."

கொட்டேஷனில் அலமாரியை அடித்துவிட்டார். ஒரே ஆள் என்பதற்காக வீட்டின் அளவைக் குறைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

குடிவந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அரிசி, பருப்பு, சட்டி எல்லாம் பிளாஸ்டிக் கூடைகளில் இருக்கின்றன. அண்ணன் குடும்பத்தோடு ஒரு தடவை வந்தார். பின்னறையைத் திறந்து பார்த்துவிட்டு, "சும்மாதானே கெடக்கு, வாடகைக்கு விடு" என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் போனார்.

விடவில்லை. அதில் ஒரு கட்டில் போட்டிருக்கிறேன். யாரும் படுத்ததில்லை. பெரிய மழை பெய்தால் அங்கே போய் விளக்கைப் போட்டு அண்ணாந்து பார்ப்பேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நல்ல வேலை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கும். விளக்கை அணைத்து வந்துவிடுவேன்.