ஆளுக்கு ஒரு ஏரியல்

பெட்டியைக் கத்தியால் கீறித் திறந்ததும் அக்கா முதலில் தேடுவது ஏரியலைத்தான். உள்ளே இருப்பது பொம்மைக் காரோ, ஹெட்போனோ, கம்பியில்லாத வாசல் மணியோ, எதுவானாலும் சரி, விலைச்சீட்டையும் அனுப்பியவர் பெயரையும் அப்புறம்தான் பார்ப்பார். இடது கையால் சாமானைத் தூக்கிப் பிடித்து, வலது கை ஆட்காட்டி விரலால் தொட்டு எண்ணுவார். "ஒண்ணு." கொஞ்சம் நிறுத்தி எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார். "அப்புறம் இது? ரெண்டு." இரண்டு என்று வந்துவிட்டால் அவ்வளவுதான், எதிரில் நிற்பவர் பாடு திண்டாட்டம்.

வெளிநாட்டுப் பார்சல்களைச் சோதிக்கும் சுங்க அலுவலகத்தில் நான்காம் கவுண்டர் அவருடையது. கம்பியில்லாமல் பேசுகிற, பாடுகிற சாமான்கள் எல்லாம் அங்கேதான் வரும். சொந்த உபயோகத்துக்கு என்றால் அனுமதிச் சீட்டு இல்லாமலே ஆளுக்கு ஒன்று எடுத்துப் போகலாம். இரண்டாவது வேண்டுமென்றால் வீட்டில் இன்னொருவர் பெயரில் தனிப் படிவம், அதில் அவரே போட்ட கையெழுத்து. இல்லையென்றால் அந்தச் சாமான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பச்சை அலமாரிக்குப் போகும். அறுபது நாள் அங்கே இருக்கும். அதற்குள் படிவம் வரவில்லையென்றால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். ஐம்பத்து மூன்று வயது அக்காவுக்கு இது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். பார்சல் வாங்க வருகிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஏரியல் அக்கா. அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. "கூப்பிட்டாக் கூப்பிட்டுட்டுப் போறாங்க, நான் என்ன தேஞ்சா போயிருவேன்?" என்பார்.

கவுண்டர் கண்ணாடியில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. 'ஒரு பெட்டியில் எத்தனை ஏரியலோ அத்தனை சாமான். செட் என்று கணக்கில்லை.' சட்டப் புத்தகத்தில் இந்த வரி கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கடைக்காரர் நாற்பது ரேடியோவை ஒரே பெட்டியில் போட்டு, 'ஒரு செட்' என்று எழுதி, சொந்த உபயோகம் என்று எல்லார் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டுப் போய்விட்டாராம். மறுநாளே அக்கா இதைத் தட்டச்சு செய்து, மேலாளரிடம் கையெழுத்து வாங்கி, தன் கையாலேயே ஒட்டினார். அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் அதுதான் சட்டம்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஆரம்பித்ததே சண்டையில்தான். பேட்டி எடுப்பதற்காகச் சட்டையில் மாட்டும் கம்பியில்லா மைக் இரண்டு வரவழைத்திருந்தேன். கேட்கிறவனுக்கு ஒன்று, சொல்கிறவருக்கு ஒன்று. அக்கா இரண்டையும் மேஜையில் வைத்தார்.

"எது வேணும் சார், கறுப்பா, சாம்பலா?"

"ரெண்டும்தாம்மா. இது ஒரு செட்டு."

"செட்டாவது கட்டாவது! கண்ணாடியில ஒட்டியிருக்கறது அழகுக்கா? படிங்க."

படித்தேன். கறுப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி பெயரில் படிவம் எழுதி, அவள் கையெழுத்தையும் நானே போட்டு, மறுநாள் கொண்டுபோய் நீட்டினேன். அக்கா என் படிவத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு கையெழுத்துக்கும் கடைசியில ஒரே வால் தொங்குதே சார். உங்க வீட்டம்மாவும் உங்களை மாதிரியே இழுப்பாங்களோ?"

நான் அசடு வழிய நின்றேன். வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

"போய் அவங்களையே கூட்டிட்டு வாங்க. சாமானும் எங்கயும் போயிராது, நானும் எங்கயும் போயிரமாட்டேன்."

வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம், கல்நெஞ்சுக்காரி, ஈவிரக்கம் இல்லாதவள் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். மனைவி அரிந்துகொண்டிருந்த காயிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பொய்க் கையெழுத்துப் போட்டது நீங்க. கல்நெஞ்சு அவங்களுக்கா?" என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்களுக்கு முன்னால் ஐந்து பேர். காத்திருந்தபோதுதான் அக்காவை நிதானமாகப் பார்த்தேன். ஒவ்வொரு சாமானையும் போட்டுப் பார்க்காமல் விடமாட்டார். மைக்காக இருந்தாலும் பொம்மையாக இருந்தாலும் அதன் பக்கம் குனிந்து, "அலோ, அலோ" என்று மரியாதையாகக் கூப்பிடுவார். வேலை முடிந்ததும், தான் கிழித்த காகிதத்தை உள்ளங்கையால் நீவி, பழைய மடிப்பிலேயே மடித்து ஒட்டிக் கொடுப்பார். ஒரு முதியவர், "இருக்கட்டும்மா, வீட்டுக்குப் போய்ப் பிரிக்கத்தானே போறேன்" என்றார். "உங்க மகன் ஆசையா ஒட்டி அனுப்பியிருப்பார் ஐயா. நான் கிழிச்சுப் போட்டதையா உங்க கையில கொடுக்கறது?" என்றார் அக்கா. கல்நெஞ்சுக்காரி என்று சொன்ன என் வாயை அப்போதே கழுவியிருக்க வேண்டும்.

மனைவி கையெழுத்துப் போட்டாள். வால் இல்லாத கையெழுத்து. அக்கா என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். சாம்பல் நிற மைக் எங்கள் கைக்கு வந்தது. புறப்படும்போதுதான் அக்காவின் கைப்பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குட்டை ஏரியலை மனைவி கவனித்தாள்.

"என்னக்கா, போலீஸ்காரங்க மாதிரி வாக்கி டாக்கியெல்லாம் வச்சிருக்கீங்க?"

"வெளிநாட்டுல இருக்கற என் பொண்ணு அனுப்பினாம்மா. ஜோடி. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவங்கப்பாவுக்கு." அக்கா குரலைத் தாழ்த்தினார். "அவருக்குப் பக்கவாதம். ரெண்டு வருஷமாப் படுக்கைதான். பேச்சு போயிருச்சு, வலது பக்கம் சுத்தமா வராது. இடது கைக் கட்டைவிரல் மட்டும் நல்லாயிருக்கு. செல்போன் அவருக்குச் சரிப்பட்டு வரலை, இந்தக் கூடத்துக்குள்ள அதை வச்சுக்க எனக்கும் அனுமதி இல்லை. இதை வச்சுக்க மேலாளர் சரின்னுட்டார். ஒரே ஒரு பட்டன். எங்க வீடு பின்தெருதான், இங்க வரைக்கும் தாராளமாக் கேட்கும். ஒரு தடவை அமுக்கினா நல்லாயிருக்கேன்னு அர்த்தம். ரெண்டு தடவை அமுக்கினா, வா. டிவி ரிமோட்டை வச்சு ஒரு வாரமாப் பழக்கிட்டிருக்கேன். ராத்திரி பகல்னு இல்லாம ரெண்டு தடவை அமுக்கி டிவியைப் போட்டுப் போட்டு அணைச்சு என்னை ஓட வைக்கறார் மனுஷன். சிரிப்பு வேற."

"இப்போ வீட்டுல யாரு?"

"யாரும் இல்லை. டம்ளரும் கரண்டியும் கைக்கிட்ட வச்சிருக்கேன். தட்டினா கீழ்வீட்டுத் தையல்காரருக்குக் கேட்கும், அவர் ஓடி வந்து சொல்லுவார். ஒரு மணிக்கு நான் போய்ப் பார்த்துட்டு வருவேன்."

"இன்னொண்ணு அவர்கிட்ட இருக்காக்கா?"

அக்கா திரும்பாமலே கட்டைவிரலால் முதுகுக்குப் பின்னால் காட்டினார். பச்சை அலமாரி.

"ரெண்டு ஏரியலாச்சே" என்றார்.

மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்க சாமான்தானேக்கா! செட்டுன்னு எழுதியிருக்கக் கூடாதா?"

"எத்தனை பேரை செட்டாவது கட்டாவதுன்னு திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமாம்மா? இதோ, உங்க வீட்டுக்காரரையே அனுப்பினேன். என் பெட்டி வந்ததும் ஏரியல் ஒண்ணு கொறஞ்சு போயிருமா?"

மிச்சத்தையும் அவரே சொன்னார். பார்சல் வந்த அன்று லீவு போட்டு, டோக்கன் எடுத்து, தன் கவுண்டருக்கு வெளியே வரிசையில் நின்றிருக்கிறார். அன்று அவருக்குப் பதிலாக உள்ளே உட்கார்ந்திருந்த மூன்றாம் கவுண்டர்க்காரர், "செட்டுன்னு போடுங்கக்கா, நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்" என்று கெஞ்சியிருக்கிறார். அவருக்கு நன்றாக ஒரு டோஸ் விட்டுவிட்டுத் தன் பெயரில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். கணவர் பெயரில் படிவம் போட வேண்டும், ஆனால் அவரால் கையெழுத்துப் போட முடியாது. ரேகை வைக்கலாம், ஓர் அதிகாரி நேரில் பார்த்துச் சாட்சி போட வேண்டும். அக்காவே அதிகாரிதான், ஆனால் சொந்த வீட்டுக்குச் சாட்சி போடக் கூடாது. சனிக்கிழமை வீட்டுக்கு வந்து போட்டுத் தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

"இன்னும் நாலு நாள்தானேம்மா. ரெண்டு வருஷம் பொறுத்தவருக்கு நாலு நாள் ஒரு பெரிய விஷயமா?"

ஏழெட்டு வாரம் கழித்து, இந்தப் பத்திரிகைக்காக அவரைப் பற்றி எழுதலாம் என்று மறுபடியும் போனேன். ஒருநாள் முழுக்கக் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து பார்க்க மேலாளர் அனுமதி கொடுத்திருந்தார். அக்கா, "வாங்க சார், வீட்டம்மா சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு ஏரியல் எண்ணப் போய்விட்டார். முகம் பாதியாக வற்றிப்போயிருந்தது. டீ குடிக்கப் போன இடத்தில் மூன்றாம் கவுண்டர்க்காரர்தான் சொன்னார்.

"நீங்க வந்துட்டுப் போனீங்களே ஒரு செவ்வாய்க்கிழமை, அதுக்கு ரெண்டாம் நாள் சார். வியாழக்கிழமை. ஒரு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனாங்க. டம்ளர் கட்டிலுக்கு அடியில உருண்டு கெடந்துச்சாம். தட்டினாரோ, தட்ட முடியலையோ, யாருக்குத் தெரியும்? கீழ தையல் மெஷின் ஓடிட்டிருந்துச்சு. டாக்டர் பதினோரு மணி வாக்குல உயிர் போயிருக்கும்னார். பதினோரு மணிக்கு அக்கா இங்க உக்காந்து ஏரியல் எண்ணிட்டிருந்தாங்க. பையில அந்த ஒண்ணு ஆன்லதான் இருந்துச்சு. இன்னொண்ணு அவங்க முதுகுக்குப் பின்னால, ரெண்டடி தூரத்துல." அவர் டீயைக் கீழே ஊற்றிவிட்டார். "நானாவது செட்டுன்னு எழுதித் தொலைச்சிருக்கலாம்."

திரும்பி வந்து உட்கார்ந்தபோது என்னால் அக்காவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. கோபம் கோபமாக வந்தது. சட்டத்தின் மேலா, அவர் மேலா, இரண்டு மைக்கையும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்த என் மேலா என்று தெரியவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "எப்படியும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு டாக்டரே சொன்னாராமே" என்று உளறி வைத்தேன்.

"காப்பாத்தியிருப்பேன்னா சொல்றேன்? பக்கத்துல இருந்திருப்பேன்ல சார்" என்றார் அக்கா.

ஈரத்தில் உரிந்துகொண்டிருந்த அறிவிப்பை எடுத்துவிடலாம் என்று மேலாளர் போன வாரம் கையை வைத்திருக்கிறார். அக்கா விடவில்லை. "அன்னிக்கு நியாயம்னா இன்னிக்கும் நியாயம்தான் சார். இல்லேன்னா நாளைக்கே இன்னொருத்தன் நாப்பது ரேடியோவோட வந்து நிப்பான்." நான்கு மூலைக்கும் புது டேப் ஒட்டியிருந்தார். அலமாரியில் இருப்பதைச் சும்மா எடுத்துப் போகச் சொன்னதற்கு, "யாருக்கு?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டாராம். ஆனால் கைப்பையில் இருப்பதைத் தினமும் சார்ஜ் போட்டு, ஆன் பண்ணி, கொண்டுவருவது மட்டும் நிற்கவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஏரியலை நானும் பார்த்தேன்.

நான் போன அன்றைக்கு அறுபதாவது நாள் என்று எனக்குத் தெரியாது. மூன்று மணிக்குக் கூட்டம் வடிந்ததும் அக்கா பச்சை அலமாரியைத் திறந்து, கெடு முடிந்த சாமான்களை எடுத்து மேஜையில் அடுக்கினார். திருப்பி அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, வேலை செய்கிறதா இல்லையா என்று எழுத வேண்டும். முந்தின நாளே எல்லாவற்றையும் சார்ஜில் போட்டுவிடுவது அவர் வழக்கம். ஒரு ஸ்பீக்கர், ஒரு பொம்மை ஹெலிகாப்டர், அடுத்தது கறுப்பு நிறத்தில் கைக்கு அடக்கமாக ஒற்றை பட்டனோடு அது. மூன்றாம் கவுண்டர்க்காரர் எழுந்து வந்தார்.

"குடுங்கக்கா, இதை மட்டும் நான் பார்க்கறேன்."

"நீ உன் வேலையைப் பாரு. என் சாமானை எனக்கே விடுவிக்கறதுக்குத்தான் நான் கூடாது. திருப்பி அனுப்பலாம்."

ஆன் பண்ணினார். பச்சை விளக்கு எரிந்தது. குனிந்து அலோ சொல்லுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பட்டனை ஒரு தடவை அமுக்கினார். கைப்பைக்குள் 'கிர்' என்றது. பேனாவை எடுத்து, நோட்டில் 'வேலை செய்கிறது' என்று எழுதினார். பேனாவை மூடினார். அத்தோடு சோதனை முடிந்தது, காகிதத்தைச் சுற்றிக் கட்ட வேண்டியதுதான்.

ஆனால் அது இன்னும் அவர் கையில்தான் இருந்தது. இடது கைக்கு மாற்றிக்கொண்டார். கட்டைவிரல் பட்டனை அமுக்கியது, விட்டது, மறுபடியும் அமுக்கியது. பைக்குள் 'கிர், கிர்' என்றது.

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.