என் மயில் என் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கும்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அதை எங்கேயும் மறைத்ததில்லை. செல்லூரில் இரண்டு தறியில் தொடங்கிப் பதினான்கு தறிக்கு வந்தவன். சேலைக்கு பார்டர் வரைவதில் சுற்றுப்பட்டு நாலு தெருவில் எனக்கு இணையான ஆள் கிடையாது. ஐம்பத்தெட்டு வயதில் கம்ப்யூட்டர் வாங்கி, கட்டம் போட்ட தாளில் வரைந்ததையெல்லாம் மவுஸால் வரையப் பழகினேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானே தட்டித் தட்டிப் பழகினேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தறிக்கு மேலே மாட்டி, துணியில் பூ விழ வைக்கிற ஓட்டை அட்டைகள் இருக்கின்றனவே, ஒரு பார்டரை மாற்றிவிட்டால் பழைய பார்டரின் அட்டைகளை அன்றைக்கே வெட்டிப் போட்டுவிடுவோம். விட்டுவைத்தால் அடுத்த வாரம் அதே பூ பக்கத்துத் தெருத் தறியில் விழும். முப்பது வருடம் வெட்டிய கை கம்ப்யூட்டரில் மட்டும் சும்மா இருக்குமா? புதுப் படத்தைச் சேமித்ததும் பழையதை அழிப்பேன். அழித்தது போய் விழும் குப்பைத் தொட்டியையும் காலி செய்வேன். சுத்தமாகத் தொழில் செய்கிறோம் என்று பெருமை வேறு.

ஒரு ஆடி மாதம் பழைய வியாபாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, அந்த மயில் பார்டரு, கழுத்தச் சுருக்குறதுக்கு முந்தி ஒண்ணு போட்டீகளே, அதத்தான் எல்லாரும் கேக்குறாக."

"அது இல்லய்யா. அழிச்சாச்சு."

"கம்ப்யூட்டர்ல வரைஞ்சது எங்கண்ணே போகும்? எலி தின்னுருச்சா?"

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு ஆகவில்லை. அந்த பார்டரில் நெய்த முதல் சேலை என் மனைவியிடம் இருந்தது. அன்றைக்கென்று அதைத்தான் கட்டியிருந்தாள். "கட்டியிருக்கிற சேலையக் கேக்குறீக, நல்லாருக்கு ஒங்க தொழிலு" என்று சொல்லிக்கொண்டே மாற்றிக் கொடுத்தாள். லென்ஸை வைத்து இழை இழையாக எண்ணி, பத்து நாளில் அந்த மயிலைத் திரும்ப வரைந்தேன்.

பசுமலையில் இருக்கும் என் மகள் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள். விஷயம் கேட்டு வந்தாள். ஒரு படத்தை எத்தனை முறை மாற்றினாலும் ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாக வைத்திருந்து, கேட்டதை எடுத்துத் தரும் மென்பொருள் இருக்கிறதாம். வெர்ஷன் கன்ட்ரோல் என்றாள்.

"ஆனா அது ஒங்களுக்குச் சரிப்படாதுப்பா. எல்லாத்தயும் என் கணக்குல நெட்ல போட்டு வச்சிருவோம். வேணுங்கிறப்ப எங்கிட்ட கேளுங்க."

"என் மயில என் வீட்டுல வச்சுப் பாக்க ஒங்கிட்ட கேக்கணுமா?"

"சரி, ஒங்க இஷ்டம். இன்னொரு தடவ தொலைச்சீங்கன்னா நான் சொல்றபடிதான். சம்மதமா?"

சம்மதம் என்றேன்.

அன்றைக்கே எனக்கேற்ற மென்பொருளைத் தேட ஆரம்பித்தேன். முதலில் பார்த்த மென்பொருளுக்கு, எல்லாவற்றையும் மேலே இருந்து பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு தலைமைக் கம்ப்யூட்டர் வேண்டுமாம். ஒரே ஆள் ஓட்டும் தறிக்கு மேஸ்திரி எதற்கு? தள்ளினேன். இரண்டாவது பார்க்க அழகு, பொத்தானும் படமுமாக இருந்தது. ஆனால் முப்பது நாள் ஆனால் பழையதைத் தானே கழித்துவிடும். அந்த வேலையைத்தான் நானே செய்கிறேனே!

மூன்றாவதில் பொத்தானே இல்லை. கறுப்பு ஜன்னலில் ஆங்கிலத்தில் கட்டளை அடிக்க வேண்டும். ஆனால் நெட் வேண்டாம். எல்லா மாற்றமும் படங்கள் இருக்கும் அதே ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருக்கும். அதை அப்படியே பென்டிரைவில் எடுத்தால் மொத்த வரலாறும் கூடவே வரும். இதுதான் என்று முடிவு செய்தேன்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, அது எங்க ஆபீஸ்லயே ஆளுகளக் கொழப்புது."

"அதுக்கு நான் என்ன செய்ய? ஒங்க ஆபீஸ்ல யாரும் மயில் வரைஞ்சிருக்காகளா?"

எனக்குத் தேவை மூன்றே கட்டளைகள். பீரோ கதவில் சாக்பீஸால் கட்டை விரல் உயர எழுத்தில் எழுதிவைத்தேன். மத்தியானம் சாப்பிட உட்காரும் முன் அன்றைய வேலையை அதனிடம் ஒப்படைப்பேன். ஒவ்வொன்றோடும் தமிழில் ஒரு குறிப்பு: "மூக்கை வளைத்தேன்." "கழுத்துக்கு இரண்டு இழை கூட்டினேன்."

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே வியாபாரி வந்தார். மகளும் வீட்டில் இருந்தாள். மயிலுக்குத் தோகையைக் கொஞ்சம் அகலமாக்கச் சொன்னார். வரைந்தேன், சேமித்தேன். கை அது பாட்டுக்குப் பழையதை அழித்துக் குப்பைத் தொட்டியையும் காலி செய்தது.

வியாபாரி திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இல்லண்ணே, முந்தினதே இருக்கட்டும்."

மகள் துள்ளி எழுந்தாள். "போச்சு! இப்பத்தானப்பா அழிச்சீங்க, நான் பாத்தேன். பந்தயம் முடிஞ்சது."

பீரோ கதவைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். கறுப்பு ஜன்னல் ஆங்கிலத்தில் திட்டியது. ஒரு எழுத்தை விட்டிருந்தேன். மறுபடி அடித்தேன். ஃபோல்டரைத் திறந்தால், பழைய தோகையோடு மயில் நிற்கிறது.

"எலி கக்கிருச்சு போலண்ணே" என்றார் வியாபாரி.

மகள் என் குறிப்புகளை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போனாள். "எங்க ஆபீஸ்ல யாரும் இம்புட்டு ஒழுங்கா எழுத மாட்டாங்க" என்றாள். பிறகு, விடக்கூடாதென்று, "ஆனாலும் ஒரு எழுத்து தப்பா அடிச்சீங்க" என்றாள்.

"அடிச்சேன். எவனையும் கேக்காமத் திருத்துனேன்ல?"

மொத்த வரலாற்றையும் எடுத்துவைத்த பென்டிரைவ் என் மனைவியின் அந்த மயில் சேலை மடிப்புக்குள் இருக்கிறது. பழைய படத்தை நான் இன்றும் அழிக்கத்தான் செய்கிறேன். மகள் பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் சத்தமாகவே மவுஸைத் தட்டி அழிப்பேன்.