இடிக்காத கதவு

அலுவலகத்தில் அவளுக்குத் 'துருவி' என்று பெயர். கட்டட வடிவமைப்பாளர் வரைந்தது, தூணும் உத்திரமும் கணக்கிடுகிறவர்கள் வரைந்தது, ஏசிக்காரர்கள் வரைந்தது எல்லாவற்றையும் கணினியில் ஒன்றாகச் சேர்த்து, எது எதில் இடிக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. வி.ஆர். கருவியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத கட்டடத்துக்குள் நடந்து பார்ப்பாள். மேசைகளை ஓரம் தள்ளி அவளுக்கென்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். அப்படியும் சுவரில் முட்டிக்கொள்வாள்.

புது மருத்துவமனை ஒன்றின் வேலை வந்தது. அதில் ஓர் அறை, அறுவை சிகிச்சை முடியும்வரை உறவினர்கள் காத்திருப்பதற்கு. அதற்குள் போகும்போதெல்லாம் ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. குழாய், கம்பி, கதவு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. எங்கும் இடிக்கவில்லை என்றது கணினி. வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உள்ளே போவாள். பேய் ஏதாவது குடியிருக்கிறதா என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். வீட்டில் தட்டுச் சோற்றை அளைந்துகொண்டே இருந்தவளிடம், கணினியே சொன்ன பிறகு உனக்கென்ன வந்தது என்றான் கணவன்.

"எங்கயோ இடிக்குதுங்க. எங்கன்னுதான் தெரியல."

இறுதிக் கூட்டத்துக்கு முந்தின நாள் கால் கடுத்துப் போய், நிஜ நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு, கருவியைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். அந்த அறையின் ஜன்னல் தாழ்வானது. உட்கார்ந்திருப்பவர்களுக்குச் செடிகொடி தெரியட்டும் என்று வைத்தது. நின்றபடி பார்த்தபோது ஏதோ வண்டியின் சக்கரங்கள் மட்டும் கண்ணில் பட்டுப் போயிருந்தன. இப்போது முழு வண்டியும் தெரிந்தது, பிணம் ஏற்றும் வண்டி. அதன் பின்னால், நேர் எதிரே, பிணவறையின் கதவு.

மறுநாள் கூட்டத்தில் தலைமை வடிவமைப்பாளரிடம் கருவியைக் கொடுத்தாள். அவர் நின்றபடியே சுற்றிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

"உக்காந்து பாருங்க சார். உங்க வீட்டு ஆளு உள்ள ஆபரேஷன்ல இருக்காங்கன்னு வச்சுக்குங்க."

அவர் உட்கார்ந்தார். கருவியைக் கழற்றியபோது அவர் முகம் பேயறைந்தது போல இருந்தது.

"அந்தக் கதவ பின்பக்கம் மாத்திடுங்க" என்றார்.

ஏசி இன்ஜினியர் முகம் சுண்டிப்போயிற்று. கதவு நகர்ந்தால் குளிரூட்டும் குழாய்கள் அத்தனையும் நகர வேண்டும். நகர்ந்தால் உத்திரத்தில் இடிக்கும். இடித்தது. ஆத்திரத்தோடு அவள் மேசைக்கு வந்தவர், இருவருமாகக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலும் கீழும் நகர்த்திப் பார்த்ததில், எரிச்சலை மறந்து வேலையில் மூழ்கிவிட்டார். கடைசியில் ஒரு வழி பிறந்தது. அவள் மட்டும் நிம்மதி அடையவில்லை. பழைய வேலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தாள். அவற்றில் பாதி ஏற்கெனவே கட்டி முடித்தவை.

மருத்துவமனை திறந்த செய்தி வந்ததும், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்றான் கணவன்.

"வேணாங்க. அந்த ரூம்ல போய் உக்கார்ற மாதிரி நமக்கு ஒரு நாள் வராமலே இருக்கட்டும்."