என் பேரில் விழுந்த அடி

என் பீரோவின் அடித்தட்டில், பழைய போர்வைக்குக் கீழே, சாம்பல் நிறத்தில் ஒரு டெரிலின் பேண்ட் இருக்கிறது. வலது முழங்காலில் கிழிந்த இடத்தைக் கறுப்பு நூலால் தைத்திருக்கும். தொடையில் ஒரு கை அகலத்துக்குப் பழுப்புக் கறை. எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. ஒருமுறை என் பேத்தி அதை வெளியே இழுத்து, "இதை எதுக்குத் தாத்தா வெச்சிருக்கீங்க, கரித்துணிக்குக்கூட ஆகாதே" என்றாள். பிடுங்கி உள்ளே வைத்துக் கதவை அறைந்து சாத்தினேன். குழந்தையின் முகம் சுண்டிப்போனது. பேண்ட் என்னுடையது, கறை என் தம்பியின் ரத்தம் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அறுபதுகளின் நடுவில் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் பேண்ட் போட்ட ஒரே ஆள் நான்தான். சேலத்தில் பி.ஏ. இரண்டாம் வருடம். தம்பி ஒன்றாம் வகுப்பைக்கூட முடிக்காதவன். அம்மா செத்த வருடம், இருவரில் ஒருவனைத்தான் படிக்கவைக்க முடியும் என்று அப்பா முடிவு செய்தார். நான் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பேன், அதனால் நான் பள்ளிக்கூடம் போனேன், அவன் மாட்டோடு போனான். பதினெட்டு வயதில் அவன் கரும்பாலையில் வெல்லப் பாகு காய்ச்சினான். கொதிக்கிற கொப்பரையில் நுரையின் நிறத்தைப் பார்த்தே எப்போது இறக்குவது என்று சொல்லிவிடுவான். கொஞ்சம் தப்பினாலும் கொப்பரை முழுக்கப் பாழ். நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து நரைத்த தலைகள் வண்டி கட்டிவந்து அவனை அழைத்துப்போவார்கள். ஆனால் கையெழுத்து என்றால் அவனுக்குக் கட்டைவிரல்தான். எங்கள் இருவரில் யார் புத்திசாலி என்று கேட்டிருந்தால் ஊரே என்னைத்தான் காட்டியிருக்கும். நானும் என்னைத்தான் காட்டியிருப்பேன்.

மொழிக் கிளர்ச்சியில் காலேஜை மூடினார்கள். ஊர்வலம் புறப்பட்ட அன்று நான் விடுதியின் பின்சுவரை ஏறிக் குதித்து ஊருக்கு பஸ் ஏறியவன். எனக்குக் கட்சி எதுவும் கிடையாது, பயம் மட்டும் உண்டு. ஆனால் காலேஜில் படிக்கிறவன் என்றால் எதிர்க்கட்சி என்று அன்றைக்கு எல்லாருக்கும் தீர்மானம். நான் வந்து இறங்கிய மறுநாள் பட்டப்பகலில் ஆளுங்கட்சிக்காரர்கள் இரண்டு பேர் எங்கள் வீட்டு ஓடுகளைக் கல்லால் அடித்து நொறுக்கினார்கள். அப்பா உலக்கையோடு துரத்தினார். ஒருவனுக்கு மண்டை பிளந்து, வாசலிலிருந்து கிணற்றடி வரை சொட்டுச் சொட்டாக ரத்தம் கிடந்தது. தம்பி அதன்மேல் சாம்பலைத் தூவிவிட்டு என்னிடம் வந்து நின்றான்.

"ண்ணா, நாளைக்குச் சந்தைக்குப் போறேன். ஒருவாட்டி உம் பேண்டப் போட்டுக்கிட்டுப் போயிட்டு வந்துர்றேன்."

என்ன நேரம் பார்த்துக் கேட்கிறான் என்று எனக்கு ஆத்திரம். பயத்தில் இருந்தவனுக்கு எளியவனைக் கண்டால் கை நீளும் போலிருக்கிறது. ஓங்கி அறைந்தேன்.

"கைநாட்டுக்குப் பேண்ட் ஒரு கேடாடா?"

கன்னத்தைத் தடவிக்கொண்டே வெளியே போனான். மறுநாள் காலையில் ஆணியில் மாட்டியிருந்த பேண்டைக் காணோம், அவனையும் காணோம்.

அன்று சந்தை முனையில் யாரோ பஸ் மேல் கல்லெறிந்திருக்கிறார்கள். போலீஸ் வேனில் வந்து இறங்கி ஆள் பிடித்தது. வேட்டி கட்டியவர்களை விரட்டிவிட்டு, பேண்ட் போட்டவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். எந்த ஸ்டேஷன் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அங்கே சப்-இன்ஸ்பெக்டர் அவனைக் கேட்டார்.

"காலேஜாடா?"

"ஆமாங்க சார். பி.ஏ. ரெண்டாவது வருசம்." பெயர் கேட்டபோது என் பெயரைச் சொன்னான்.

பிடிபட்ட மற்ற எல்லாரும் மாணவர்கள். மேசையில் டைப் அடித்த தாளை வைத்தார்கள். இனிமேல் கிளர்ச்சியில் சேரமாட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதிய கடிதம். ஒவ்வொருவனும் நான்கு அடி வாங்கிக்கொண்டு, படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு வெளியே போனான். என் தம்பிக்குக் கையெழுத்துத் தெரியாது. ரேகை வைத்தால் பி.ஏ. இல்லை என்பது வெளிச்சமாகிவிடும். அதனால், "போடமாட்டேனுங்க" என்றான். சப்-இன்ஸ்பெக்டருக்கு அது கொள்கை வெறியாகத் தெரிந்தது. இவன்தான் தலைவன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். லத்தி இரண்டாக உடைகிறவரை அடித்தார்கள். மண்டி போடவைத்து முதுகில் மிதித்தார்கள், பேண்ட் கிழிந்தது அப்போதுதான். அடிக்கு நடுவே தாளை நீட்டுவார்கள், இவன் முடியாது என்று தலையை ஆட்டுவான். கடைசியில் ஒரு ஏட்டு, "எழுதாத கை உனக்கு எதுக்குடா?" என்று அவன் வலது கையை மேசைமேல் விரித்து வைத்துத் துப்பாக்கிக் கட்டையால் இடித்தார். கட்டைவிரல் நசுங்கியது.

அப்பா தேடிக்கொண்டு போனபோது என் பெயரில் ஒருவனை அடைத்துவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இவன் மூத்தவனில்லை என்று சொன்னால் தம்பியை விட்டுவிடுவார்கள், என்னைத் தேடி வருவார்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் திரும்பிவந்து என்னைக் கரும்புத் தோட்டத்துக்குள் போய்ப் படுக்கச் சொன்னார். எங்கே தம்பி என்று கேட்டேன், சொன்னார். கேட்டுவிட்டுத்தான் கரும்புக்குள் போனேன். நாலு நாள் படுத்துக் கிடந்தேன். அப்பா கொண்டுவந்த சோற்றைத் தின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

கிளர்ச்சி அடங்கியதும் தம்பியை விட்டுவிட்டார்கள். கயிற்றுக்கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு அவனே எல்லாவற்றையும் சொன்னான், சிரித்துக்கொண்டே சொன்னான். சிரிக்கும்போது முதுகுக் காயங்கள் விரிந்து நீர் கசிந்தது. ரேகையை வைத்துவிட்டு வந்திருக்கலாமேடா என்று நான் அழுதேன்.

"வெச்சிருந்தா சிரிச்சிருப்பானுங்கண்ணா. பி.ஏ.ன்னு நெனச்சுத்தான அவ்ளோ மரியாதையா அடிச்சானுங்க" என்றான். பிறகு, "நீ உள்ள இருக்கறன்னு தெரிஞ்சா வூட்டுக்கு வரமாட்டானுங்கல்ல" என்று சொல்லி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். இரண்டில் எது நிஜக் காரணம் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

இரண்டு வருடத்தில் ஆட்சி மாறியது. போலீஸ் ரிக்கார்டில் சித்திரவதைப்பட்ட மாணவன் நான்தானே. ஆட்சிக்கு வந்த கட்சிக்காரர்கள் ஊர் முனையில் அலங்கார வளைவு வைத்து, அதில் என் பெயரைப் பி.ஏ. பட்டத்தோடு எழுதி, எனக்கு மாலை போட்டார்கள். பரிந்துரைக் கடிதம் கொடுத்தார்கள், அரசாங்கத்தில் குமாஸ்தா வேலை வந்தது. உண்மையைச் சொல்லப் பலமுறை வாயெடுத்தேன் என்று எழுத ஆசைதான். ஒருமுறைகூட வாயெடுக்கவில்லை. வேலை உத்தரவை எடுத்துக்கொண்டு ஆலைக்கு ஓடினேன். தம்பி இடது கையால் பாகு துழாவிக்கொண்டிருந்தான்.

"படி" என்றான். ஆங்கிலத்தில் இருந்ததை முழுக்கப் படித்தேன். துடுப்பை வைத்துவிட்டு வந்து, அதே இடது கையால் என் கன்னத்தில் விட்டான் ஒன்று. கண் இருண்டு கரும்புச் சக்கையில் விழுந்தேன். உதடு கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது.

"அன்னிக்கு நீ குடுத்ததத் திருப்பிட்டேன். இனி நமக்குள்ள ஒண்ணுமில்ல. போயி வேலையப் பாரு" என்றான். பிறகு அவனே கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

எழுபதுகளில் அவன் எங்கள் பக்கத்தில் அந்தக் கட்சிக்கு முக்கியமான ஆள் ஆனான். அந்த அடி வாங்கும்வரை அவனுக்கு எந்தக் கட்சியும் தெரியாது. தேர்தல் சமயத்தில் கொடுவாளோடு வந்த கூட்டத்தை ஆலை விறகுக் கட்டையோடு தனியாளாக மறித்துத் தோளில் வெட்டு வாங்கினான். மேலவைக்குப் பட்டதாரிகள் மட்டும் ஓட்டுப் போடும் தேர்தல் வரும். ஊரில் அந்த ஓட்டு எனக்கு ஒருவனுக்குத்தான். யாருக்குப் போடுவது என்று அவனிடம் கேட்டுக்கொண்டுபோய்த்தான் போட்டேன். ஆலை ஓடும் மாதங்களில் என் சம்பளத்தைவிட அவன் அதிகமாகவே சம்பாதித்தான். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் மட்டும் பி.ஏ.வைத்தான் பார்த்தார்கள்.

போன வருடம் தம்பி செத்துப்போனான். மாரடைப்பு. கட்சிக்காரர்கள் கொடியோடு வந்து, "தியாகி நீங்க, உங்க தம்பிக்கு நீங்களே போர்த்துங்கய்யா" என்று என் கையில் கொடுத்தார்கள். போர்த்தினேன். கொடியை இழுத்துவிடும்போது அந்த நசுங்கிய விரல் வெளியே தெரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். கொடியை இன்னும் கொஞ்சம் இழுத்து அந்த விரலை மூடினேன்.

இதை எழுதும்போது பேண்டை மடியில் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் போட்டதற்குப் பிறகு நான் அதைப் போடவே இல்லை. பேத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறேன், எழுதி முடித்ததும் அவளுக்குத்தான் முதலில் படித்துக் காட்டவேண்டும். அன்று இந்தப் பேண்டுக்குள் நான் இருந்திருந்தால், முதல் அடி விழுவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டிருப்பேன், அழகான ஆங்கிலத்தில்.