சூலியா தெரு டாக்டரின் பதில்

டாக்டர்கள் பதிவேடு என் மேசையில்தான் இருக்கிறது. இன்னும் அதே விலாசத்தில் வைத்தியம் பார்க்கிறீர்களா என்று ஆண்டுதோறும் எல்லாருக்கும் கடிதம் போடுவோம். பதில் வராதவர் பெயரை அடித்துவிடுவோம்.

சூலியா தெரு டாக்டர் பெயரை அடிக்க இன்று பேனாவை மையில் தொட்டேன். போன மாதம் அவர் சவ ஊர்வலத்தில் நானும் நடந்தவன்.

அந்நேரம் தபாலில் அவர் பதில் வந்தது. "இதே விலாசத்தில் வைத்தியம் பார்க்கிறேன்." அதே கையெழுத்து. நேற்றைய தேதி.

மத்தியானம் ரிக்‌ஷா பிடித்துப் போனேன். டிஸ்பென்சரி திறந்திருந்தது. மருந்துப் புட்டியோடு வெளியே வந்த ஓர் அக்காவிடம், உள்ளே எந்த டாக்டர் என்று கேட்டேன்.

"பழைய டாக்டருதான், தம்பி. கைதான் ஐஸ் மாதிரி இருக்கு."

நான் உள்ளே போகவில்லை. பதில் போட்டவர் பெயரை அடிக்க விதியில் இடமில்லை, விட்டுவிட்டேன்.

இந்த மாதம் அவரிடம் நாடி காட்டியவர்கள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்கள் மட்டும்.