பாலோ மாமா இன்னும் மேலே வரவில்லை, இந்திரா

இந்திராணி போய்விட்டாள். இன்று காலை, பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் அவள் வீட்டில்... அவள் மகள் கவிதா போன் செய்து சொன்னாள்.

நம்ப முடியவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். டயாலிசிஸ், மங்கிக்கொண்டே வந்த கண் பார்வை, எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ஆனால் கோபம் வருகிறது. ஒரே ஒரு செய்திக்காகக் காத்திருந்தாள், அது வருவதற்குள் கிளம்பிவிட்டாள்.

அவளைத் தெரியாதவர்களுக்கு... பாசிர் கூடாங் பக்கம் ஒரு சின்ன பேக்டரியில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அண்டார்டிகாவில் சீல்களின் தலையில் ஒட்டும் சென்சார் செய்கிற இடம் அது.

ஆமாம், சீல்தான். கடல்நாய். சிரிக்காதீர்கள்.

குளிர்காலத்தில் அந்தக் கடல் உறைந்துவிடும், கப்பல் உள்ளே போக முடியாது. சீல் போகும். அது முங்கி எழுவதற்குள், எந்த ஆழத்தில் தண்ணீர் எவ்வளவு குளிர், எவ்வளவு உப்பு என்று சென்சார் அளந்து வைத்துக்கொள்ளும். தலை வெளியே வந்ததும் சாட்டிலைட்டுக்கு அனுப்பிவிடும்.

கல்யாண வீட்டில் யாராவது "இன்னும் பேக்டரிலதானா?" என்று இளக்காரமாகக் கேட்டால் இந்திராணி அசர மாட்டாள். "ஆமா லா. அண்டார்டிகாவுல எனக்கு ஆளுங்க இருக்காங்க. நீங்க இதோ பக்கத்துல இருக்கிற செடெனாக் ஊரைத் தாண்டியிருக்கீங்களா?"

உப்புத் தண்ணீர்த் தொட்டியில் சென்சாரை முக்கி, அளவு சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அவள் ஓகே சொல்லாமல் ஒன்றும் வெளியே போகாது.

ஒரு ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தோம். இவள் சும்மா இருப்பாளா... அனுப்பத் தயாராக இருந்த சென்சார்களுக்கும் வரிசையாகச் சந்தனம் வைத்துவிட்டாள். அதுவும் சரியாக உப்பை அளக்கிற துளையின் மேலேயே.

மறுநாள் கடைசி டெஸ்டுக்குத் தொட்டியில் போட்டால் எல்லா அளவும் தாறுமாறு. அந்தப் பக்கம் கப்பல் போவதே சீசனுக்கு ஒரு தடவை, விட்டால் அடுத்த வருஷம்தான். மேனேஜர் குதி குதியென்று குதித்தார்.

"நான்தான் வச்சேன் பாஸ். நானே கழுவி மறுபடி டெஸ்ட் பண்ணித் தரேன். கப்பலுக்குப் போகும்."

சனி, ஞாயிறு முழுக்கத் தொட்டி பக்கத்திலேயே கிடந்தாள். கப்பலுக்கும் போனது.

அதற்குப் பிறகு பொட்டு அட்டைப்பெட்டிக்கு மட்டும்தான். "பரவால்ல டி... நாம அனுப்பறதே அதுங்க நெத்திக்குப் பொட்டுதானே" என்றாள்.

ஒருமுறை வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்திருந்தார். நாங்களெல்லாம் அவரோடு போட்டோ எடுக்க நின்றோம். இவள் மட்டும், ஒட்டினால் வலிக்காதா, பிய்க்கும்போது என்ன ஆகும் என்று அவரைப் பிடித்துக்கொண்டாள். முடியில்தான் ஒட்டுகிறோம், வருஷா வருஷம் அதற்கு முடி உதிரும்போது தானாக விழுந்துவிடும் என்று அவர் விளக்கிய பிறகுதான் கை கொடுத்தாள்.

உடம்பு முடியாமல் வேலையை விடுவதற்கு முன் அவள் டெஸ்ட் செய்த கடைசி செட்டில் ஒன்றுக்கு "பாலோ மாமா" என்று பெயர் வைத்தாள். பாலோ என்ற ஊரில் இருக்கும் அவளுடைய சொந்த மாமா சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போவார், போனும் எடுக்க மாட்டார். தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது வாசலில் வந்து நிற்பார்.

பேர் ராசி... இந்தக் குளிர்காலத்தில் அந்தப் பாலோ மாமாவும் காணாமல் போனார். சென்சார்கள் எங்கே போகின்றன என்று காட்டும் மேப்பில் அவர் புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. சிக்னலே இல்லை.

ஆபீசில் ஒருத்தர், "என்ன, மறுபடி சந்தனமா?" என்று கேட்டு வைத்தார். அது எப்படியோ இவள் காதுக்கும் போய்விட்டது. கடைசியாகக் கை வைத்த வேலை அல்லவா... ரொம்ப வலித்தது அவளுக்கு.

போன வாரம் பார்க்கப் போனபோது படுத்துக்கொண்டே சண்டைக்கு வந்தாள்.

"சென்சார் சாகல டி. நான் பாத்து அனுப்புனது. அந்த சீல் ஐஸ் ஓட்டையில மூக்கை மட்டும் நீட்டி மூச்சு வாங்கிட்டு மறுபடி உள்ள போயிடுது. தலை முழுசா வந்தாதானே சிக்னல் போகும்? ஐஸ் உடையட்டும். மாமா வருவாரு."

"வந்தா உடனே மெசேஜ் போடறேன்."

"மெசேஜ் வேணாம். எனக்குக் கண்ணு தெரியல. போன் அடி."

இன்று அவள் வீட்டுக்குப் போனேன். பாலோ மாமா, அசல் ஆள், எல்லோருக்கும் முன்னால் வந்து முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதல் முறை அடித்ததுமே போனை எடுத்துவிட்டாராம்.

என்னைப் பார்த்ததும், "என் பேரை ஏதோ மீனுக்கு வச்சாளாமே?" என்றார்.

"மீன் இல்ல மாமா, சீல்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுகையும்.

"அது வந்துருச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல மாமா."

"வரும்" என்றார்.

கிளம்பும்போது கவிதா கேட் வரை வந்தாள். "அம்மா போனை ஆஃப் பண்ணல ஆன்ட்டி. சார்ஜ்லதான் வச்சிருக்கேன். சிக்னல் வந்தா அந்த நம்பருக்கே அடிங்க."

நாளை காலை வீட்டிலேயே இறுதிச் சடங்கு. அவளைத் தெரிந்தவர்கள் வாருங்கள்.

சற்றுமுன் கூட மேப்பைத் திறந்து பார்த்தேன். புள்ளி அங்கேயேதான் இருக்கிறது. அங்கே இன்னும் ஐஸ் உடையவில்லை. உடையும்.

போய் வா, இந்திரா. போன் அடிக்கிறேன்.