தெற்கு வாசலை அடைத்தவன்

என் மகளைக் கொன்றது மண்ணெண்ணெய் அடுப்பன்று. நான்தான்!

ஆறுதல் சொல்ல அவசரப்படாதீர். முழுவதும் கேளும்.

யுத்தத்தில் ஜப்பான் குண்டுக்கு அஞ்சி ஊர் காலியானபோது பூட்டப்பட்ட, வெள்ளைக்கார வணிகருக்கு மொழிபெயர்த்த துபாஷி ஒருவரின் பழைய மாளிகை அது; இராயபுரத்தில், கடற்காற்றின் வாயில். உப்பு அரித்து, கூரையில் அரசஞ்செடி முளைத்துக் கிடந்ததை வாங்கினேன். உளுத்த உத்தரங்களை மாற்றினேன். சுண்ணாம்பைப் புளிக்கவைத்துச் சுவர்களைப் பூசுவித்தேன். ஒரு மாளிகையை ஆறு குடித்தனங்களாகப் பிரித்தேன். பொறியியல் படித்தவன் அல்லவா... பெருமையாக இருந்தது.

பின்கட்டுக் குடித்தனத்துக்கு இரண்டு வாசல்கள். தெற்கே சந்துக்கு ஒன்று. வடக்கே நடைக்கு ஒன்று. பார்க்க வந்தவர்கள் தெற்கு வாசலைக் கண்டதும் திரும்பிப் போனார்கள்.

"எமன் வாசலாம் சார். சும்மா குட்த்தாலும் ஒருத்தனும் வரமாட்டேன்றான். கல்லு வச்சி அடச்சிடு சார், பேஜாரே இல்ல" என்றான் தரகன்.

மராமத்து வேலையைப் பார்க்க வந்திருந்த என் மகள் வசந்தா சிரித்தாள். "எமனுக்குச் செவுரேறிக் குதிக்கத் தெரியாதாப்பா?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடைத்தேன்! அஞ்சி அடைத்தவனையாவது நீர் மன்னிக்கலாம். எனக்கோ அந்த நம்பிக்கை எள்ளளவும் இல்லை. இடம் காலியாகக் கிடக்கக்கூடாது, அவ்வளவே. எஞ்சிய ஒரே வாசலை ஒட்டிச் சமையற்கட்டை வைத்தேன். புகை வெளியேற வேறு வழி ஏது?... வரைபடத்தில் எவ்வளவு அழகாக இருந்தது!

சில ஆண்டுகளில் அக்குடித்தனம் காலியாயிற்று. மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை. வசந்தாவையும் அவரையும் நானே அங்கே குடிவைத்தேன்.

ஒரு முற்பகலில் அடுப்பு வெடித்தது. வாசல் எரிந்தது. உள்ளறையில், நான் அடைத்த தெற்கு வாசலின் சுவரடியில் கிடந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள். விதியாம்! கொத்தனாரை அமர்த்தியது விதியா?

அங்கே ஒரு வாசல் இருந்ததே மாப்பிள்ளைக்குத் தெரியாது. பூச்சு அவ்வளவு நேர்த்தி.

ஒவ்வொரு திவசத்தன்றும் அவர் என் கைகளைப் பற்றிக்கொள்கிறார். "நான் ஆசையா வாங்கிக் குடுத்த ஸ்டவ்வு மாமா... நான்தானே அவளக் கொன்னுட்டேன்?"

இந்த ஆண்டும் கேட்டார். தலை நரைத்துவிட்டது அவருக்கு. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"சாப்பிட வாங்க மாப்பிள்ளை, இலை போட்டாச்சு" என்றேன்.